76 வருஷம் தாமதமா வந்த கேப்டனின் புத்தகம்

1/ நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க. விளையாட்டு வீரர்கள் எழுதின புத்தகங்களை எப்படி வாசிக்கிறது, வாசிச்ச பிறகு நாம ஏன் நாலு வரி எழுதி வைக்கணும்கிறதுதான் இன்னைக்கு விஷயம். மருத்துவப் பதிவை எதிர்பார்த்து வந்தவங்களுக்கும் நடுவுல கொஞ்சம் வச்சிருக்கேன்.

2/ முதல்ல ஒரு கேள்வி. 1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். ஹாக்கியில் இந்தியாவுக்கு முதல் தங்கம். 5 ஆட்டங்களில் 29 கோல் போட்டோம், ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த 29-ல் 14 கோல் தயான் சந்த் அடிச்சது. இவ்வளவும் குவிஸ் எழுதுற பிள்ளைங்களுக்கே தெரியும். சரி, அந்த அணிக்குக் கேப்டன் யார்?

3/ ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சிக்குத் தெற்கே, காடும் குன்றுமான பகுதியில், தக்ரா என்ற கிராமத்தில் 1903-ல் பிறந்த முண்டா பழங்குடிக்காரர். இந்தியாவுக்கு முதல் ஹாக்கித் தங்கம் கிடைச்ச அணிக்குத் தலைவர் ஒரு பழங்குடி இளைஞர். இதை எத்தனை பாடப்புத்தகத்துல பார்த்திருக்கீங்க?

4/ இதை நான் எழுதும்போது மனசுல இருக்கிறது நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளைங்க. தெரியாதவங்களுக்கு: திருப்பத்தூர் மாவட்டத்துல ஜவ்வாது மலை மேல புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுன்னு மூணு நாடு இருக்கு. இங்கே வாழ்றவங்க மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளி வேற, இவங்க வேற. தாய்மொழி தமிழ்தான். சாமை, புளி, தேன், கடுக்காய்னு வாழ்க்கை. இந்தப் பிள்ளைங்க கையில கொடுக்கிற மாதிரி ஒரு விளையாட்டு வீரரோட புத்தகம் எதுன்னு தேடினதுலதான் ஜெய்பால் சிங்கிட்ட வந்து சேர்ந்தேன்.

5/ ஒரே அணி. அதிலிருந்து ரெண்டு பேர் தன் கதையை எழுதியிருக்காங்க. ஒருத்தர் சென்டர் ஃபார்வர்டு, இன்னொருத்தர் கேப்டன். முதல் புத்தகம் 1952-ல் வந்தது. இரண்டாவது 2004-ல், எழுதினவர் இறந்து 34 வருஷம் கழிச்சு. இந்த இடைவெளியில என்ன நடந்துச்சுங்கிறதுதான் இந்த இழையோட கதை.

6/ அதுக்கு முன்னாடி வாசிக்கிற முறை பத்தி ஒண்ணு சொல்லிடறேன். மருத்துவக் கல்லூரியில மூணாவது வருஷம் எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றது ‘ஹிஸ்டரி’ எடுக்கிறது. நோயாளி தன் வாயால சொல்றதை முழுசா கேளு. அப்புறம் கூட வந்தவங்களைக் கேளு. கடைசியா ரிப்போர்ட்டைப் பாரு. மூணும் ஒத்துப்போனா நல்லது. ஒத்துப்போகலைன்னா நோய் அங்கேதான் ஒளிஞ்சிருக்கு.

7/ வீரரோட சுயசரிதையையும் இப்படித்தான் வாசிக்கணும். அவர் சொல்றது முதல் சாட்சி. கூட ஆடினவங்க சொல்றது இரண்டாவது. ஸ்கோர் மூணாவது. ஸ்கோர் பொய் சொல்லாது; ஆனா எதையும் விளக்கவும் செய்யாது. 3-0 என்ற ஸ்கோரை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும், அன்னைக்குக் கேப்டன் மைதானத்துல இல்லைங்கிறது தெரியாது.

8/ ஆமாம். 1928 மே 26, நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்திலும் இல்லை. அணியைத் துணைத்தலைவர் ப்ரூம் எரிக் பின்னிகர் நடத்தினார். தலைமை தாங்கிக் கூட்டிட்டுப் போனவர் பதக்க மேடைக்கு முன்னாடியே விலகிட்டார். ஏன்?

9/ இப்போ முதல் புத்தகத்துக்கு வருவோம். தயான் சந்த் எழுதிய ‘கோல்!’. நமக்கு ஒரு சின்னப் பெருமை: அது வெளியானது நம்ம மெட்ராஸ்ல. தி இந்து நிறுவனம் அந்தக் காலத்துல ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’னு ஒரு விளையாட்டு வார இதழ் நடத்திட்டு இருந்தது. அவங்கதான் 1952-ல் போட்டாங்க. அலகாபாத்தில் பிறந்து, 1922-ல் சிப்பாயா ராணுவத்தில் சேர்ந்து, மூணு ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஒரு மனிதரின் வாழ்க்கை சென்னையில அச்சேறியது.

10/ நல்ல புத்தகம். அலங்காரமே கிடையாது. தான் ரொம்பச் சாதாரண ஆள், சிப்பாய் என்ற தொனி கடைசி வரை மாறுவதில்லை. எனக்குப் பிடித்தது அவர் தோல்வியை மறைக்காத விதம். 1936 பெர்லினில் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். அதுக்குச் சில வாரம் முன்னாடி பயிற்சி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றோம். அந்தத் தோல்வி அணியை எப்படி உலுக்கியதுன்னு அவரே எழுதியிருக்கார். ஜெயிச்ச ஆள் தோத்த நாளையும் எழுதியிருந்தா, மற்றப் பக்கங்கள் மேலயும் நமக்கு நம்பிக்கை வருது.

11/ ஒரு சின்னப் பயிற்சி. ஹிட்லர் அவரை ஜெர்மனிக்குக் கூப்பிட்டு ராணுவப் பதவி தர்றேன்னு சொன்னார் என்ற கதை வருஷா வருஷம் ஆகஸ்ட் 29, தயான் சந்த் பிறந்தநாளுக்கு, வாட்ஸ்அப்பில் சுத்தும். ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சம்பந்தப்பட்டவரே ஒரு புத்தகம் எழுதியிருக்காரே, அதுல இது இருக்கா? இந்த ஒரு கேள்வி கேக்கப் பழகினா பாதி வதந்தி அங்கேயே நின்னுடும். மருந்து பத்தின வதந்திக்கும் இதே வைத்தியம்தான்.

12/ சரி, கேப்டன் ஏன் போனார்? இதுக்கு தயான் சந்த் எழுதியிருக்கிற பதில்தான் என்னை நிறுத்தி வச்சது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அணியை நல்லா நடத்தின ஜெய்பால் சிங் திடீர்னு ஏன் விலகினார் என்பது தனக்கு இன்னமும் புதிர்தான் என்கிறார். பல கதை காதில் விழுந்தது, நம்பகமான ஒன்று கிடைக்கவில்லை என்கிற பொருளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

13/ யோசிச்சுப் பாருங்க. நடந்தது 1928-ல். புத்தகம் 1952-ல். 24 வருஷம். அந்த 1952-ல் ஜெய்பால் சிங் எங்கே இருந்தார்? காணாமல் போகவில்லை. அந்த வருஷம்தான் முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு டெல்லியில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். ஒரு தபால் போட்டா பதில் வரக்கூடிய தூரம்.

14/ மதிப்புரை எழுதுறவங்க வேலை இங்கேதான் தொடங்குது. “நல்ல புத்தகம், விலை இவ்வளவு, எல்லோரும் வாசிக்கவும்” என்பது விளம்பரம். மதிப்புரைன்னா புத்தகத்துல காலியா இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டி, “இந்த இடத்துல ஒரு ஆள் இருந்தார், அவர்கிட்ட யாராவது கேளுங்க”ன்னு சொல்லணும்.

15/ இப்போ அந்த ஆளைப் பார்ப்போம். ராஞ்சி செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனைப் பாதிரியார் காஸ்கிரேவ் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். முதலில் கேன்டர்பரி, பிறகு ஆக்ஸ்போர்டு, செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. பொருளாதாரத்தில் பட்டம். ஹாக்கியில் ‘ஆக்ஸ்போர்டு புளூ’. பல்கலைக்கழக அணிக்காக ஆடினவங்களுக்குக் கிடைக்கிற மரியாதை அது.

16/ பிறகு ஐ.சி.எஸ். தேர்ச்சி. இன்னைக்கு ஐ.ஏ.எஸ்.னா எப்படியோ, அதைவிடப் பல மடங்கு பெரிய விஷயம் அது. பயிற்சிக் காலத்துல இருக்கும்போது ஆம்ஸ்டர்டாமுக்குக் கேப்டனா வரச் சொல்லி அழைப்பு. லீவு கேட்டார். இந்தியா ஆபீஸ் கொடுக்கலை. லீவு இல்லாமலே போனார்.

17/ திரும்பி வந்ததும் தண்டனை மாதிரி, இன்னும் ஒரு வருஷம் பயிற்சி இருக்கணும்னு சொன்னாங்க. முடியாதுன்னு ஐ.சி.எஸ்.ஸையே விட்டுட்டார். கலெக்டர் வேலையை விட்டுட்டு விளையாடப் போனவர், அந்த விளையாட்டோட இறுதி ஆட்டத்திலும் இல்லை. மேலாளரோடு ஏற்பட்ட மனஸ்தாபம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அணியில் ஆங்கிலோ இந்தியர்கள் அதிகம், ஆகவே அதன் பின்னால் இனப் பாகுபாடும் இருந்தது என்று எழுதியவர்களும் உண்டு.

18/ அதோட அவர் கதை முடியலை. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியில் பாடம் நடத்தினார். ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியில் ஆசிரியர். 1939-ல் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவர். முண்டா மக்கள் அவரை ‘மராங் கோம்கே’, பெரிய தலைவர், என்று அழைத்தார்கள். 1946 டிசம்பர் 19-ல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தன்னைக் காட்டுவாசி என்றே பெருமையோடு அறிமுகப்படுத்திக்கொண்டார். பழங்குடிகளுக்கு யாரும் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்று பேசினார். அம்பேத்கரும் நேருவும் உட்கார்ந்திருந்த சபை அது.

19/ இந்த மனிதர் தன் கதையை 1969-ல்தான் எழுதினார். அடுத்த வருஷம், 1970 மார்ச் 20, இறந்துபோனார். கைப்பிரதி அப்படியே கிடந்தது. ‘லோ பிர் செந்த்ரா’ என்ற தலைப்பில், ரஷ்மி காத்யாயன் பதிப்பித்து, ராஞ்சியில் 2004-ல் வெளிவந்தது. எரியும் காட்டில் வேட்டை என்ற பொருள் தரும் முண்டாரி மொழித் தலைப்பு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கணக்குப் போட்டால் 76 வருஷம்.

20/ இதோட சேர்த்து இன்னொரு ஆக்ஸ்போர்டு வீரரைப் பாருங்க. எங்க தொழில்காரர். ரோஜர் பேனிஸ்டர். மைல் தூரத்தை நாலு நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் மனிதர். 1954 மே 6. அன்னைக்குக் காலையில லண்டன்ல ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்துட்டு, ரயில் ஏறி ஆக்ஸ்போர்டு போய், சாயங்காலம் ஓடினார். 3 நிமிடம் 59.4 விநாடி. அவர் புத்தகம் அடுத்த வருஷமே, 1955-ல், கடைக்கு வந்துவிட்டது. பிறகு நரம்பியல் மருத்துவரா வாழ்ந்து, 2018-ல் இறந்தார். ஓட்டத்தைவிட அந்த மருத்துவ வேலையைத்தான் பெரிசா நினைச்சார்.

21/ ரெண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகம். ரெண்டு பேரும் உலகத்தில் முதல் இடத்தைத் தொட்டவர்கள். ஒருத்தர் புத்தகம் ஒரே வருஷத்துல வந்தது. இன்னொருத்தருடையது 76 வருஷம் கழிச்சு. திறமையில் உள்ள வித்தியாசம் இல்லை இது. பக்கத்துல ஒரு பதிப்பாளர், ஒரு பத்திரிகை, காத்திருக்கிற வாசகர்கள். இந்த மூணும் ஒருத்தருக்கு இருந்தது, இன்னொருத்தருக்கு இல்லை.

22/ தாமதமா எழுதினா என்ன ஆகும்? வயசான நோயாளிகிட்ட இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சலைப் பத்திக் கேக்கிற மாதிரிதான். பெரிய வலி ஞாபகம் இருக்கும், தேதி இருக்காது. யார் தப்பு செஞ்சாங்கன்னு ஞாபகம் இருக்கும், என்ன வார்த்தை பேசினாங்கன்னு இருக்காது. 66 வயசுல, உடம்பு தளர்ந்த நிலையில எழுதின புத்தகத்தை அந்த மரியாதையோடவும் அந்த ஜாக்கிரதையோடவும் வாசிக்கணும். எதிரில் பதில் சொல்லக்கூடிய பலர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. அச்சேறும்போது தயான் சந்தும் இல்லை, 1979-லேயே எய்ம்ஸ் மருத்துவமனையில் கல்லீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். கேப்டன் எழுதினதை தயான் சந்த் வாசிக்கவே வாய்ப்பில்லாமல் போச்சு.

23/ எழுதினா என்ன ஆகும்கிறதுக்கு ஒரு எதிர் உதாரணம். பல்வாங்கர் பாலு. தலித் குடும்பத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911-ல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் 114 விக்கெட். புனேயில் பந்து வீசும்போது எல்லோரும் ஒரே மைதானம். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். இந்து ஜிம்கானா அணிக்குக் கடைசி வரை அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-ல் அந்த இடத்துக்கு வந்தார்.

24/ இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அந்தத் தம்பி விட்டல் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் எழுதி 1948-ல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து ராமச்சந்திர குஹா இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது அந்த மராத்திப் புத்தகம் அவருக்குக் கைகொடுத்தது. 2002-ல் குஹாவின் நூல் வந்த பிறகுதான் பாலுவின் பெயர் மறுபடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. தாய்மொழியில எழுதின ஒரு சின்னப் புத்தகம். அது மட்டும் இல்லைன்னா 114 விக்கெட் என்ற எண் இருந்திருக்கும், மண் குவளை இருந்திருக்காது.

25/ நம்ம ஊர்ல? எம்.ஜே. கோபாலன். 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில் ரஞ்சி டிராஃபியின் முதல் பந்தை வீசியவர். அதே ஆள் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடினவர். 1935-ல் நியூசிலாந்துக்கு தயான் சந்தோட போய் வந்தார். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை ஆட வைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பி வந்தது. இப்படி ஒரு வாழ்க்கையைப் பத்தித் தமிழ்ல நீங்க எத்தனை பக்கம் வாசிச்சிருக்கீங்க? யோசிச்சுச் சொல்லுங்க.

26/ இப்போ நான் சொன்ன அந்த மருத்துவப் பகுதி. பழங்குடி வீரர்களைப் பத்தி வர்ற புத்தகத்துலயும் மதிப்புரையிலயும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: “மலையில் பிறந்ததால் இயற்கையிலேயே நுரையீரல் பலம்”, “காட்டு ரத்தம்”, “பிறவி ஓட்டக்காரர்”. பாராட்டு மாதிரிதான் கேக்கும். நானும் இந்த மலைப் பிள்ளைங்களைப் பத்தி அடிக்கடி கேட்டிருக்கேன்.

27/ உடலியல் என்ன சொல்லுது? காவலூர் வானாய்வகம் இருக்கிற இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். இந்த உயரத்துல விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினா, வேலூர்ல மாட்டினதுக்கும் இங்க மாட்டினதுக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. ஆக்சிஜன் குறைஞ்சு, சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனை நல்லா சுரந்து, சிவப்பணு கூடணும்னா சாதாரணமா 2,000 மீட்டருக்கு மேல போகணும். ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன கென்யாவின் ஈட்டன் ஊர் சுமார் 2,400 மீட்டர். ஜவ்வாது மலை அந்தக் கணக்குல வராது.

28/ அப்போ நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளை சளைக்காம மேடு ஏறுறானே, எப்படி? தினமும் ஏறுறான், அதனால ஏறுறான். தண்ணிக்கு, விறகுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு நடந்த தூரம் அது. இதயமும் தசையும் பழக்கத்துக்குப் பணிஞ்சு வளருது. அதை ‘இயற்கை’ன்னு எழுதினா அந்த உழைப்பு மொத்தமும் அழிஞ்சுபோகுது. பஸ் வராத குறையும் அதோட சேர்ந்து மறைஞ்சுடுது.

29/ இன்னொரு ஆபத்தும் இருக்கு. ‘பிறவி உடம்பு’ன்னு எழுதிட்டா, மூளையைப் பத்தி எழுத வேண்டியதில்லைன்னு ஆயிடும். ஜெய்பால் சிங் களத்துல ஆடினது பின்கள ஆட்டம். மொத்த மைதானத்தையும் முன்கூட்டியே படிக்கிற இடம் அது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? தாலிமெரன் ஆவ். நாகா மலையில் பிறந்தவர், கல்கத்தாவில் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். தொடக்க விழாவில் தேசியக் கொடி பிடித்தவரும் அவரே. பாதிப் பேருக்கு மேல் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற அணி அது. பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி அரசு மருத்துவராக வேலை பார்த்தார். இவரைப் பத்தி எழுதும்போதும் ‘மலை ரத்தம்’னா எழுதுவீங்க?

30/ ஆக, விளையாட்டுப் புத்தகம் வாசிக்கும்போது நான் பார்க்கிறது இது: ஜெயிச்ச நாளைப் போலவே தோத்த நாளும் இருக்கா? யார் பெயர் விட்டுப்போச்சு? பயிற்சிக்கு யார் காசு கொடுத்தாங்க, யார் சோறு போட்டாங்க? காயம் பட்டப்போ யார் பார்த்தாங்க? திறமைக்குக் காரணம் ரத்தம்னு சொல்லுதா, பழக்கம்னு சொல்லுதா? இந்த அஞ்சையும் கேட்டுட்டு எழுதினா அது மதிப்புரை. நாலே வரியா இருந்தாலும் பரவாயில்லை.

31/ “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கேது”ன்னு யாராவது சொன்னா, ஜவ்வாது மலையை விட்டு இறங்கித் தெற்கே செங்கம் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. நடுகற்கள். பல்லவர் காலத்திலிருந்து இருக்கு. 1972-ல் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்றே ஒரு நூல் போட்டது. ராஜாக்கள் அல்ல அதில் இருப்பவர்கள். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவர்கள், ஊரைக் காக்க நின்றவர்கள். யார் ஆட்சியில், எந்த ஊரில், என்ன செய்து, எப்படி இறந்தான் என்று நாலைந்து வரியில் கல்லில் இருக்கும்.

32/ எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மன் காலம். சண்டையில் வீரனோடு நின்ற நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதி வச்சிருக்காங்க. 1,400 வருஷம் ஆச்சு. அந்த நாய் பெயர் இன்னைக்கும் நமக்குத் தெரியும்.

33/ இப்போ அதே நிலப்பரப்பில் நம்ம காலத்துக்கு வாங்க. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்றது. அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலிக்கு மலை ஏறின உடம்புகள். மறுநாள் தலைப்பில் அவங்க ‘20 பேர்’. எண் நினைவிருக்கு. ஒரு பெயராவது நினைவிருக்கா?

34/ நாய்க்குப் பெயர் எழுதின மண்ணு, மனுசனை எண்ணிக்கையா ஆக்கிடுச்சு. விளையாட்டுப் புத்தகத்துல ஆரம்பிச்சு ஏன் இங்கே வந்தேன்னு கேக்கலாம். ஒரே காரணம்தான். இந்த மலையோட இளைஞர்களின் உடல் பலத்தைப் பத்தி வெளியுலகம் வாசிச்ச செய்தியில் பெரியது அதுவாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கும் தங்களைப் பத்தி வாசிக்க வேற ஒரு பக்கம் வேணும். அது ராஞ்சிக் காட்டிலிருந்து ஆக்ஸ்போர்டு போய், ஆம்ஸ்டர்டாமில் கேப்டனாகி, நாடாளுமன்றத்தில் தன் மக்களுக்காக 18 வருஷம் உட்கார்ந்த ஒருத்தரோட பக்கமா இருந்தா நல்லாயிருக்கும்.

35/ என்ன செய்யலாம்? மலைப் பகுதி உண்டு உறைவிடப் பள்ளிகள்ல வேலை பார்க்கிற ஆசிரியர்கள் இதை வாசிக்கிறீங்கன்னு தெரியும். ஜெய்பால் சிங் கதையை ஒரு பீரியட் சொல்லுங்க. கூடவே தயான் சந்த் எழுதினதையும் சொல்லுங்க. கேப்டன் ஏன் போனார்னு பிள்ளைங்களையே கேளுங்க. ஒவ்வொருத்தரும் ஒரு பதில் சொல்வாங்க. “எதை வச்சு சொல்ற?”ன்னு திருப்பிக் கேளுங்க. வரலாற்றுப் பாடம் அங்கே ஆரம்பிச்சுடும்.

36/ விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வட்டார அளவில், மாவட்ட அளவில் ஓடின பிள்ளைங்க பெயர், ஊர், தேதி, நேரம், தூரம் ஒரு நோட்டுல இருக்கட்டும். ஜெயிச்சவங்க பெயர் மட்டும் போதாது, கடைசியா வந்தவங்க பெயரும். பஸ் செலவுக்கு யார் காசு கொடுத்தாங்க, ஷூ இருந்ததா இல்லையான்னு ஒரு வரி. எங்க ஆஸ்பத்திரி ஓ.பி. நோட்டு மாதிரிதான். எழுதும்போது யாருக்கும் அது பெரிசாத் தெரியாது. முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடி வரும்போது அதுதான் ஒரே ஆதாரமா இருக்கும்.

37/ மத்தவங்க, உங்க ஊர்ல ஓடினவங்க, கபடி ஆடினவங்க, சிலம்பம் சுத்தினவங்க உயிரோட இருக்கும்போதே உட்கார வச்சுக் கேளுங்க. போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. தமிழ்ல எழுதுங்க. விட்டல் மராத்தியில எழுதினாரே, அந்த மாதிரி. பதிப்பாளர் கிடைக்கலைன்னா இதே மாதிரி ஒரு இழை போடுங்க.

38/ ஜெய்பால் சிங் புத்தகத்தை வாசிச்சவங்க யாராவது இங்கே இருந்தா உங்க நாலு வரியைக் கீழே எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் சரி. தமிழ்ல மொழிபெயர்க்கிற எண்ணம் யாருக்காவது இருந்தாலும் சொல்லுங்க. நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு முதல் பிரதிகள் வாங்கிக் கொடுக்கிறது என் பொறுப்பு.